கோலுக்குத் தெரியாத வலை

அம்மா இறந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஏரிக்கரையில் இருக்கும் இறால் கொட்டகைக்கு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிப்போம். என் கைதான் வேகம். அதை அம்மாவே எல்லாரிடமும் சொல்வாள்.

பொன்னேரியில் ஒரு முகாமில் எனக்கு ஒரு கோல் கொடுத்திருந்தார்கள். எதிரே ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும். கிட்டே போகப்போக வேகமாக அதிரும். தான் இருக்கும்போது அது எதற்கு என்று அம்மா அதை உறையோடு பீரோ மேல் வைத்துவிட்டாள். அவள் போன பிறகு அதை இறக்கினபோது அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. பழக விட்டிருக்கலாம் இல்லையா?

பொன்னேரியிலிருந்து சித்தி என்னைக் கூட்டிப்போக வந்தாள். அங்கே போனால் சோற்றுக்குக் குறை இருக்காது. ஆனால் நாள் முழுக்க ஒரே அறையில் டிவி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாகக் கொட்டகைக்குப் போய்க் காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு பண்ணு என்றேன்.

முதல் நாள் நன்றாகத்தான் கிளம்பினேன். இடது கை மட்டும் தானாக முன்னால் போய் அம்மாவின் தோளைத் தேடியது. கைப்பிடி படகுக்கு அதிர்ந்தது, மின்கம்பத்துக்கு அதிர்ந்தது, ஆட்டுக்குக்கூட அதிர்ந்தது. அப்புறம் ஒரு அதிர்வும் இல்லாமல் மூஞ்சியில் வலை வந்து மோதியது. பக்கத்து வீட்டு மாமா கம்பு நட்டுக் காயப்போட்டிருந்த வலை. முடி, தோடு, கோல் எல்லாம் சிக்கிக்கொண்டன. இழுக்க இழுக்க இன்னும் சுற்றியது. பின்னால் வந்த சித்தி தலையில் அடித்துக்கொள்வது கேட்டது.

மாமா ஓடி வந்தார். வலை கிழிந்ததென்று திட்டுவார் என நினைத்தேன்.

“ஏரியில நாலு நாளா ஒண்ணும் மாட்டல. கரையில நீ வந்து கெளுத்தி மாரி மாட்டிக்கினியே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்திக்கு வரவில்லை. கோல் கெட்டுப்போய்விட்டது என்றாள். மாமா கோலை வாங்கிச் சுவருக்கு நேராக நீட்டினார், சித்திக்கு நேராக நீட்டினார். இரண்டுக்கும் அதிர்ந்தது. வலைக்கு மட்டும் சும்மா இருந்தது.

“மீனுக்கே தெரியக்கூடாதுன்னு வாங்கின வலை. உன் கோலுக்கு எங்கேர்ந்து தெரியும்?” என்றார்.

மறுநாள் காலையில் வலை நெடுக, மார்பு உயரத்தில், காலி எண்ணெய் கேன்களாகக் கட்டி வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் கைப்பிடி அதிர்ந்தது. கை நீட்டினேன், கேன். ஓரமாகச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கூடவே வந்த சித்தி சும்மா இருக்க முடியாமல் நாலு இறால் எடுத்து உரித்தாள். இறால் தலையில் இருக்கும் கொம்பு விரலில் குத்திவிட்டது.

“உனக்குக் குத்தாதாடி?”

“கண்ணால பாத்து உரிச்சா குத்தும் சித்தி.”

சுற்றி இருந்த பெண்களோடு அவளும் சிரித்துவிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு அவள் மட்டும் கிளம்பினாள்.

எல்லாரும் கேன் கட்டுவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது யாருடைய வலையிலாவது மாட்டுகிறேன். கிண்டல் பண்ணிக்கொண்டே அவிழ்த்துவிடுகிறார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நானும் அவர்களைத் திட்டுகிறேன்.