பேத்தியின் அத்திவாரமும் நாடுகளின் கையெழுத்தும்

ஒலுவில் கடற்கரையில் பேத்தியின் சீதன வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதைப் பார்த்துவிட்டு இன்று பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டில், பல்கலைக்கழகக் கம்பஸில் கடலைப் பற்றிப் படிப்பிக்கும் பிள்ளை. வீட்டு விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

“கரையில கட்டாதீங்க உம்மா. புகையால உலகம் சூடாகுது, கடல் இன்னும் உள்ளுக்கு வரும்.”

“புகையைக் குறைக்கிறதா எல்லா நாடும் கையெழுத்து வெச்சிட்டாங்களாமே, மகள்?”

“ஓம், வெச்சாங்க. சொன்னபடி குறைக்கல்ல.”

“வீடு தாறம் எண்டு வாயால சொன்னா, எங்கட ஊரில நிக்காஹ்வுக்கு நாள் வைக்கமாட்டாங்க. கடல் மட்டும் வாக்கை நம்புமா?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு கட்ட அந்த வளவைத் தேடிப் பிடித்தவள் நான்தான்.

கல்முனையில் இறங்கியதும் மேசனுக்கு ஃபோனில் கோல் எடுத்து, வேலையை நிறுத்தச் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே ஒரு பஸ் பயணத்தில் முடிவெடுத்துவிட்டேன். நாடுகள் இன்னும் கூட்டம் போடுகின்றன.

இனி மாப்பிள்ளையின் உம்மாவிடம் இதை யார் சொல்வது? துணிந்தவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.