முப்பத்தாறு வயதில் நான் வளர்ந்த கதை

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தபோது அங்கே யாரும் கூடைப்பந்து ஆடியதில்லை, நான் உட்பட. பயிற்சிக் கல்லூரியில் விதிகளைப் படித்துத் தேறியவன் நான். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். எம்பிக் குதித்தாலும் வலையின் நுனி கைக்கு எட்டாது. பையன்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது தெரியும். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

அறுபதுகளின் நடுவில் இரண்டு கம்பம் நட்டுப் பத்தடி உயரத்தில் வளையம் மாட்டினோம். மழை பெய்தால் ஆடுகளம் சேறாகிவிடும். உடைந்த கோப்பையும் சாடியும் பீங்கான் சூளைகளின் பின்னால் குவிந்து கிடக்கிற ஊரில் அதற்கு வழியா இல்லை? வருடாவருடம் ஐப்பசிக்கு முன் இரண்டு வண்டி உடைசலைக் கொட்டி, இடித்து, மேலே செம்மண் பரப்பி, உருளை இழுத்து இறுக்குவோம். பள்ளிக்கு வருகிறவர்களையெல்லாம் தலைமையாசிரியர் அழைத்துப் போய் அந்தத் தரையைக் காட்டுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை குதித்தபோது வலை என் விரலில் பட்டது. தினமும் செய்த தேகப்பயிற்சியில் வளர்ந்துவிட்டேன் என்று பூரித்துப்போனேன். அணியின் தலைவன், சூளைத் தொழிலாளி ஒருவரின் மகன், நெட்டையன், பந்தை இடுப்பில் இடுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார் வளந்துட்டீங்க. பழைய பேண்ட்டெல்லாம் பத்துதுங்களா?"

அன்று மாலை எல்லோரும் போனபின் நாடா வைத்து அளந்தேன். வளையம் ஒன்பதடி நான்கங்குலத்தில் இருந்தது. நான் வளரவில்லை, தரை வளர்ந்திருந்தது. திட்டக்குடி, பெண்ணாடம் அணிகளை எங்கள் மைதானத்தில் துவைத்தெடுத்தோம். அவர்கள் ஊருக்குப் போய்த் தோற்றுத் திரும்பும்போதெல்லாம் நான் வெயிலையும் பஸ்ஸையும் திட்டினேன். வெற்றி தோல்வி இரண்டுக்கும் காரணம் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்த மாதம் கடலூரில் மாவட்ட அணிக்கான தேர்வு. அதில் இடம் பிடித்தால் நெட்டையனைச் சேர்த்துக்கொள்வதாக ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவன் கையைத் திருத்தியிருக்க முடியும். தேர்வு முடியட்டும், பிறகு வளையத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று நாடாவைச் சுருட்டிவிட்டேன்.

கடலூரில் அவன் எறிந்த பந்துகள் பெரும்பாலும் வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பின. ஊர் திரும்பும் பஸ்ஸில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

"பயந்துட்டடா" என்றேன். "அதான்."

அவன் பள்ளி முடிந்ததும் சூளை வேலைக்குப் போய்விட்டான். கோடை விடுமுறையில் ஆள் வைத்து வளையத்தை ஏற்றி மாட்டினேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

நான் ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து, கடைத்தெருவில் அவனே கையைப் பிடித்து நிறுத்தினான். தலை நரைத்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். நான் வளர்ந்துவிட்டதாக நான் நம்பியதைப் பக்கத்திலிருந்தவரிடம் வேறு சொன்னான். பிறகு கிளாஸைக் கீழே வைத்தான்.

"அப்ப அன்னிக்கு நான் பயப்படலீங்களா, சார்?"

"இல்லப்பா."

"எம் பொண்ணு பரீச்சைக்குப் போறப்பல்லாம், நம்ம வூட்டு ரத்தமே பயந்த ரத்தம், பாத்து எழுதும்மான்னு சொல்லித்தான் அனுப்புவேன். அவகிட்ட சொல்லணும். போயிட்டு வரேன், சார்."

டீயைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான்.