லைல் ஹட்சின்ஸ் படம் பிடிக்கிறார்

"அழுதது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மாவைப் பத்திச் சொல்றப்ப குனிஞ்சுட்டே பாரு, முகமே தெரியல. அந்த இடத்தை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லிடும்மா" என்கிறார் லைல் ஹட்சின்ஸ், ஒரு கண்ணை மூடிக் காமிராவுக்குள் பார்த்தபடி.

எதிரே இருக்கும் யெசெனியா இன்னொரு வாட்டி சொல்கிறாள். திராட்சைக் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, வேலை உடுப்போடு நேராக வந்தவள். நான் அதே அறையில் மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் கணக்குச் சொல்லித்தரும் பகுதிநேர வாத்தியார். காதைப் பொத்திக்கொண்டா இருக்க முடியும்?

கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு வருகிறவர்கள் வேலை பறிபோனவர்கள், கைக்குழந்தைக்காரிகள், சிறையிலிருந்து திரும்பியவர்கள். அவர்கள் படிக்க வருகிறார்கள். லைலுக்கோ கதை வருகிறது. 'மாணவர் பயணங்கள்' என்று கல்லூரி வலைத்தளத்தில் ஒரு பகுதி உண்டு. அதற்கு அவர்தான் சர்வாதிகாரி.

'சார்' என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும். "நாமெல்லாம் ஒரே குடும்பம். லைல்னு கூப்பிடு" என்பார். குடும்பத்தில் ஒருத்தர் பேரும் அவருக்கு நிற்காது. துயரம் மட்டும் நிற்கும். "அந்த வீடு எரிஞ்ச பையன் வந்தானா?", "நம்ம டைவர்ஸ் அம்மா எங்க?" இப்படித்தான் விசாரிப்பார்.

அலமாரியில் ஒரு கறுப்புப் பட்டமளிப்பு அங்கி வைத்திருக்கிறார். யாராயிருந்தாலும் தேறுவதற்கு முன்னாலேயே அதை மாட்டிவிட்டு, ஒல்லியானவர்களுக்கு முதுகில் ஊக்குக் குத்தி, படம் எடுத்துவிடுவார். என்னிடம் கணக்கில் தவறிப் படிப்பையே விட்டுப்போன ஒருவன், நுழைவாயில் பதாகையில் இன்னும் அந்த அங்கியோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அந்தப் பதிவு முடிந்து காமிராவை மூடியதும் யெசெனியா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "லைல், அந்த அனாட்டமி வகுப்பை ஆள் குறைச்சல்னு தூக்கப்போறாங்களாமே? இந்தப் பருவத்துல அதை முடிக்கலன்னா எனக்கு நர்சிங் இடம் போயிடும்."

"அட, வகுப்பை முடிவு பண்ற கமிட்டியில நானே இருக்கேனே! உன் கதையைக் கேட்டா கல்லும் கரையும். நான் பாத்துக்கறேன். எங்க, ஒரு சிரிப்பு சிரி."

கமிட்டியில் நானும் இருந்தேன், பகுதிநேரக்காரர்கள் சார்பில், ஓட்டில்லாத நாற்காலியில். கூட்டத்தன்று லைல் விளக்கை அணைத்துவிட்டு யெசெனியாவைத் திரையில் ஓட்டினார். கல் கரைந்தது என்னவோ உண்மைதான். டீன் அம்மாள் மூக்கைச் சிந்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். விளக்கு வந்ததும் அடுத்த விஷயம், வகுப்புக் குறைப்பு.

"இப்ப அழுதுச்சே, அந்தப் பொண்ணோட வகுப்புங்க இது" என்று வாயைத் திறந்தேன்.

"வாத்தியாரே, உணர்ச்சிவசப்படாதீங்க. ஆள் இல்லன்னா இல்லதான்" என்றார் லைல். ரத்து செய்யலாம் என்று முதலில் உயர்ந்த கை அவருடையது. இன்னொரு கையில் கண்ணைத் துடைத்த கைக்குட்டை. மனுஷனா இவர்!

நேற்று யெசெனியா வந்தாள். உட்காரவில்லை.

"வகுப்பைத் தூக்கிட்டாங்க லைல். நர்சிங் இடமும் போச்சு. பாத்துக்கறேன்னு சொன்னீங்களே?" உடைந்து அழுதாள். யாரும் கேட்டு வாங்காத அழுகை.

லைல் எழுந்தார். தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு மன்னிப்பாவது கேட்கப்போகிறார் என்று நினைத்துத் தொலைத்தேன். அவர் அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போனார். திரைச்சீலையை மெல்ல விலக்கி, வெளிச்சம் அவள் கன்னத்தில் சரியாக விழுகிறதா என்று திரும்பிப் பார்த்தார்.