ஐந்து முப்பத்தைந்துக்குக் கிடைத்த சம்மதம்

புத்தகம் கட்டும் அந்தப் பட்டறையில் ஆறு பேர்; முதலாளி கிடையாது. எதை மாற்றுவதானாலும் சாயங்காலம் கட்டர் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவார்கள். ஆறு பேரும் வாய்விட்டுச் ‘சரி’ சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. கூட்டத்தை நடத்துவது நூல் தைக்கும் அக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் தேதி, நேரம், முடிவு மூன்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நோட்டில் எழுதிவிடுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு பேச்சும் முறிந்ததில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள்.

அன்று, இனி காலை ஏழு மணிக்கே வேலை தொடங்கலாம் என்ற பேச்சு. பசை தடவும் அம்மா மட்டும் இழுத்தார்.

“படுத்த படுக்கையா இருக்கிற மனுஷனைக் குளிப்பாட்டி, சாப்பிட வச்சுட்டுத்தானே நான் வரணும்?”

“பேசலாம்மா, என்ன அவசரம்?” என்றாள் அக்கா.

பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, “சரி, சரி” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் அவர் வரவில்லை. துவைத்து மடித்த ஏப்ரன் ஒரு பையில் கதவுப் பிடியில் தொங்கியது.

“சம்மதிச்சுட்டுத்தானேடா போனாங்க?” என்றாள் அக்கா.

கட்டர் ஓட்டும் தம்பி நிமிர்ந்தான். “பெரிய ஆளுக்கா நீ! பாத்துக்கிற பொண்ணு ஆறு மணிக்குக் கெளம்பிடும். அஞ்சு நாப்பது பஸ்ஸை விட்டா அந்த மனுஷன் தனியாக் கெடக்கணும். அஞ்சரை தாண்டினா அவங்க எதுக்கும் சரின்னுதான் சொல்வாங்க. உனக்குத் தெரியாதாக்கும்!”

“வாயை மூடுடா.”

நோட்டைப் புரட்டினாள். பசை மேஜையை ஜன்னலோரத்திலிருந்து மாற்றியது, 5.35. சனிக்கிழமையும் முழுநாள் வேலை, 5.34. எல்லாம் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. காதுமடல் சுட்டது. தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை.

மத்தியானம் ஏப்ரனை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். அந்த அம்மா கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“தப்பு என்மேலதான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுபடி பேசலாம்மா. நிதானமா.”

“ஜன்னல் மேஜையையும் பேசுவீங்களா?”

“பேசலாம்.”

“சனிக்கிழமையை?”

“அதையும்தான்” என்று ஏப்ரனை அவர் பக்கத்தில் வைத்தாள் அக்கா.

மறுநாள் அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, “ஏழு மணிக்கு என்னால முடியாது. எனக்குச் சம்மதமில்ல” என்றார்.

அக்கா அதை அப்படியே நோட்டில் எழுதினாள். நேரம் என்ற இடத்தில் கை தானாக ஐந்து போட்டுவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதை அடித்துவிட்டு, 10.20 என்று எழுதினாள்.