செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது

சென்னையில் ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு மூணு சீசன் பின்வரிசையில் ஸ்டாப்பர் பேக்காக ஆடினேன். சம்பளம் வாங்கி ஆடிய ஆட்டம். முழங்கால் ஜவ்வு கிழிந்ததும் செஞ்சிக்குத் திரும்பி இருபத்தாறு வயசிலேயே கோச் ஆகிவிட்டேன். பள்ளி மைதானத்தில் பத்து பெண்பிள்ளைகள்.

நான் வேகமான ஆள் கிடையாது. என் பிழைப்பே ஆஃப்சைடு பொறிதான். எதிரணி பந்தை அடிக்கிற நொடியில் பின்வரிசை மொத்தமும் ரெண்டடி முன்னே ஏறிவிட்டால், அவர்கள் ஆள் நமக்குப் பின்னால் தனியாகச் சிக்குவான். அது ஆஃப்சைடு. கையைத் தூக்கிக் காட்டினால் ரெஃப்ரி விசில் அடிப்பார், ஆட்டம் நிற்கும். அதையே இவர்களுக்கும் பழக்கினேன்.

ஒருத்தி மட்டும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவளை அனுப்ப நான் துடித்தேன். ஃபாரத்தில் அவள் அப்பா கையெழுத்து போடவில்லை. அவலூர்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், ஒரு மேட்ச் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மேட்ச் அமாவாசை அன்று விழுந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதுகிற நாள்; அந்தச் சவாரியை விட்டுவிட்டு வந்து கோட்டோரம் நின்றார்.

அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டி. விதிகள் அச்சடித்த நோட்டீஸை நான் படிக்கவில்லை. எனக்குத் தெரியாத ஆட்டமா என்கிற திமிர்.

கோல் எதுவும் விழாமல் கடைசி நிமிஷம் வரை போயிற்று. எதிரணி பந்தைத் தூக்கி அடித்தார்கள். எங்கள் பெண்கள் அழகாக ஏறினார்கள். அவள் நின்று கையைத் தூக்கினாள். விசில் வரவில்லை. பந்து அவளைத் தாண்டிப் போக, பின்னால் தனியாக நின்ற எதிரணிப் பெண் அதை வலைக்குள் தள்ளினாள். கூட்டத்தில் ஒருத்தர், "இன்னாம்மா, பஸ்ஸுக்கு கை காட்டுறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ரெஃப்ரியிடம் பாய்ந்தேன். அவர் அமைதியாக, "செவன்ஸ்ல ஆஃப்சைடு கிடையாது சார். நோட்டீஸ்லயே போட்டிருக்குது" என்றார்.

அவள் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். அணி மொத்தமும் என்னையே பார்த்தது. நான் சொன்னேன்: "அவ ஏன் நின்னான்னு எனக்கே தெரியல."

அவள் தூக்கிய கையை அப்போதுதான் இறக்கினாள் என்று ஞாபகம். அப்படி இருக்க முடியாது; ஆனால் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆறாவது நாள் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவைத் தேடிப் போய், தப்பு என்னுடையது என்றேன்.

"தெரியும் சார். பொண்ணு அன்னிக்கே சொல்லிடுச்சி. நீ வர்றியான்னு பாத்துனு இருந்தேன்." ஆட்டோவில் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? அத்தன பேர் எதிர்ல சொன்னத அத்தன பேர் எதிர்ல மாத்தி சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அவளை மைதானத்துக்குக் கூட்டி வந்தார். பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னேன். நோட்டீஸ் படிக்காததைச் சொல்வது சுலபமாக வந்தது. அவள்மேல் பழி போட்டதை ரெண்டு தடவை ஆரம்பித்துத்தான் சொல்லி முடித்தேன். அவள் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அவள் அப்பா ஃபாரத்தை வாங்கி, ஆட்டோ சீட்டில் வைத்துக் கையெழுத்து போட்டார். நான் தேர்வு நாளன்று எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"நாங்களே இட்டுனு போறோம் சார்" என்றார். "நீ வர வேணாம்."

சரி என்றேன்.