செண்பகம் அக்காவின் இடது கை

அறுவடை முடிந்த வயலின் தாள் வாசனைக்கு நடுவே 'டக்'கென்று எழும் ஒரு சத்தத்தோடுதான் என் கோடை விடுமுறைகள் விடியும். பெரியப்பா மகள் செண்பகம் அக்கா அச்சன்புதூர் வயலில் கோல்ஃப் பந்தை அடிக்க, நான் வரப்பில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்ப்பேன். பெரியப்பா ராணுவத்தில் இருந்தபோது நீலகிரி முகாமில் அவள் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. ஊரில் அதற்குக் 'கம்படி' என்று பேர். கேலி செய்தவர்கள் செய்யட்டும், அவள் மாநில அமெச்சூர் பெண்கள் பட்டத்தையே வாங்கி வந்தாள். அகில இந்தியப் போட்டிக்குப் பெங்களூரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த வருஷச் சாரல் மழைச் சமயத்தில்தான், ஐந்தருவியில் குளிக்க வந்த கையோடு ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. குளித்த மாதிரியும் ஆச்சு, பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் அக்கா காப்பித் தட்டை நீட்டினாள். வலது கை வெயிலில் கறுத்திருந்தது. உறை மாட்டி ஆடிய இடது கை மட்டும் மணிக்கட்டு வரை வெளுத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைத் தொடவில்லை.

"பிள்ளைக்கு வெண்குட்டம் இருக்குன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

அக்கா வாயைத் திறக்கப் போனாள். பெரியப்பா முறைத்தார். மகள் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் ஆடுவதை அவர்களிடம் அவர் மறைத்திருந்தார். அந்தக் கையுறையை எடுத்துக் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். வந்தவர்கள் கை நனைக்காமலே கிளம்பினார்கள்.

பழியெல்லாம் ஆட்டத்தின் மேல் விழுந்தது. கம்புகள் பரணுக்குப் போயின. இரண்டு கையும் ஒரே நிறமாகும்வரை எந்த மைதானமும் கிடையாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மேகம் விலகி வெயில் தலைகாட்டும்போதெல்லாம், இடது கையை வெயிலிலும் வலது கையை ஈரத்துணிக்குள்ளும் வைத்து அக்காவை முற்றத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு சாம்பியனை வற்றல் மாதிரிக் காயப்போட்டார்கள். பெங்களூர்ப் போட்டி அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. கை நிறம் கூடியதும் வேறொரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வயல் இன்று மனைகளாகிவிட்டது. கம்புகளைப் பழைய இரும்போடு போட்டாயிற்று. போன மாதம் தென்காசியில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில், "எங்க செண்பகம் அந்தக் காலத்துலயே சாம்பியன்லா" என்று பெரியப்பா புதுச் சம்பந்திகளிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை.

"ஆமாப்பா, ரெண்டு கையும் ஒண்ணுபோல ஆகுத வரைக்கும்" என்றாள்.

பெரியப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதாது.