கூடத்துத் தட்டிக்குத் தண்ணீர் இல்லை

வெட்டிவேர்த் தட்டி என்றதும் பலருக்கு அதன் மணம் நினைவுக்கு வரும். எனக்கு வருவது அதிலிருந்து சொட்டிய தண்ணீரின் நிறம். மோர் போல வெளுத்திருக்கும். சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துரையின் பங்களா இருந்தது. அங்கே நான் ஆயாவாக வேலை பார்த்தேன். இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின காலம். துரை வெள்ளைக்கல் வெட்டும் வேலையை மேற்பார்ப்பவர். அந்தக் கல்லின் தூசி கோடைக் காற்றில் கிளம்பி வந்து, குளிர்ச்சிக்காக வாசல்களில் கட்டியிருந்த தட்டிகளின் வேருக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் காற்று நுழையாது, வீடு சூளையாகிவிடும். அதனால் விடிந்ததும் தட்டிகளைக் கழற்றி, உதறி, அலசி, திரும்பக் கட்ட வேண்டும். வெயில் ஏறியதிலிருந்து பொழுது சாயும்வரை ஓயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒருத்திதான் செய்தாள். தட்டிக்கார அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

பங்களாவுக்குப் பின்னால் இருந்த கூலிக்காரர் தெருவில்தான் அவள் வீடு. அதிகம் பேசமாட்டாள். குடத்தை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றி, தட்டியின் மேல் விளிம்பில் ஒரே சீராகச் சரிப்பாள். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். துரையின் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உள்ளே நாங்கள் குளிர்ந்திருக்க, அவள் வெளியே வெயிலில் நிற்கிறாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. தெருக் கிணறு வற்றிப் போனது. பங்களாக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. ஆனால் வெளியாட்கள் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று துரையின் உத்தரவு. பெண்கள் குடத்தோடு வெளிக்கதவு வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒருநாள் உச்சி வெயிலில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி எப்படியோ உள்ளே வந்துவிட்டாள். கூடத்துத் தட்டியிலிருந்து சொட்டிய அந்த வெள்ளைத் தண்ணீரை ஒரு சிரட்டையில் பிடித்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பங்களாவின் வேலையாட்களையும் சாவியையும் பார்த்துக்கொண்ட பட்லர் அவளை அதட்டி விரட்டினார். அக்கா குடத்தோடு அங்கேதான் நின்றிருந்தாள். குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு கூடத்துத் தட்டி காய ஆரம்பித்தது. உள்ளே துரை நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். தூசி மேசைமேல் படிந்ததும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி பட்லரிடம் சொன்னார். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அதன் அறைத் தட்டிக்கு மட்டும் ஊற்றுவேன், சீட்டாடுகிற கூடத்துக்கு ஊற்றமாட்டேன், அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு விடுங்கள் என்று அக்கா பட்லரிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷர்தான், பயந்தவர். அவளுக்கு வயிற்றுவலி என்று துரையிடம் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிவிட்டார். துரையின் முகம் இளகியது. போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்று கையைக் காட்டினார். அக்கா அந்த முகத்தையே பார்த்தாள்.

"பட்லரய்யா, நான் சொன்னதச் சொல்லியிருந்தா துரை மூஞ்சி இப்படி இருக்காதுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. உனக்கு அவிங்க பேச்சு தெரியுமில்ல."

மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற அரைகுறை இங்கிலீஷ்தான் என்னுடையது. பட்லர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆனாலும் அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். துரையின் முகம் சிவந்தது. அவளை அந்த நிமிஷமே வெளியே போகச் சொன்னார். அக்கா தலையைக் குனியாமல் நடந்து போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே வேறு ஆள் இல்லை என்பதால் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அதன் அறைத் தட்டிக்கு நானே ஊற்றினேன். கூடத்துக்கும் ஊற்று என்று பட்லர் சொன்னபோது, கையில் குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பட்லர் வேறு ஆள் தேடிப் பார்த்தார். தெருவில் இருந்த பெண்களெல்லாம் ஒரு குடம் தண்ணீருக்கு எங்கெங்கோ நடந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டவுடன் வர யார் இருந்தார்கள்? தட்டிகள் விறகுபோல் காய்ந்தன. வெக்கை தாங்காமல் துரை குடும்பத்தோடு மலைமேல் இருந்த இன்னொரு பங்களாவுக்குப் போய்விட்டார். அங்கே வேறு ஆயா இருந்ததால் என்னைக் கீழேயே விட்டுவிட்டார்கள்.

அவர்கள் வண்டி போன மறுநாள் காலையில் அக்கா வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே குடத்தோடு நின்றது. பட்லர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, துரைக்குத் தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று கெஞ்சினார்.

"தொறக்கறீங்களா, இல்ல நாங்க ஏறிக் குதிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

அவர் திறந்தார். அன்றிலிருந்து மழை வரும்வரை அந்தக் கதவு பூட்டப்படவில்லை. துரை திரும்பி வந்து, யார் திறந்தது என்று கேட்டபோது, நான்தான் என்று பட்லரே சொன்னார். இந்த முறை எதையும் மாற்றிச் சொல்லவில்லை. நல்ல வசவு கிடைத்தது; வேலை போகவில்லை. அக்காவை மட்டும் திரும்பச் சேர்க்கவே இல்லை.

பின்னாளில் நான் நர்ஸ் வேலைக்குப் படித்துப் போனேன். இப்போது சேலத்தில் பேரன் வீட்டில் ஏசி ஓடுகிறது. பழுது பார்க்க வருகிற பையன் அதன் வலையைக் கழற்றிக் கழுவும்போது, சேறாக ஓடும் தூசியைப் பார்த்து, இந்த ஊர்த் தூசி மாறவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் காலத்து வெட்டிவேர்க் குளிர்ச்சிக்கு இதெல்லாம் ஈடாகுமா என்று யாராவது பெருமூச்சு விட்டால், நான் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்பேன்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது வெள்ளைக்கல் வெட்டுகிற இடத்தில். கல் உடைத்துக்கொண்டிருந்தாள். புருவம்வரைக்கும் தூசி. பங்களா வேலை போனதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். சுத்தியலைக் கீழே வைக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு வருத்தம்? அந்தக் கோடையில கதவு தொறந்ததுக்கப்பறம் எங்க தெருவுல ஒரு புள்ளகூட தண்ணிக்கு அழுவல கண்ணு" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கல்லை இழுத்து வைத்தாள்.